தலைகீழாய்ப் படித்த அளவு

“ஹலோ... ஆன்ட்டி, ஹலீமா இருக்காங்களா?... சூசைநாதன், ஆன்ட்டி. பாலிடெக்னிக்ல ஒரே குரூப்... ஆமா, ஆமா, சர்வே குரூப்தான்... ஃபோனுக்கு வரமாட்டேங்கிறாங்களா? ஒரே நிமிஷம், ஆன்ட்டி...”

எழுபத்தொன்பதில் அந்த சர்வே வகுப்பில் ஒரே பெண் ஹலீமாதான். கருவி அறைத் தொலைபேசியைக் கேட்டு வாங்கியபோது இருந்த வீராப்பு சூசைநாதனிடம் இப்போது இல்லை. சட்டைக்குள் வியர்த்துக் கொட்டியது.

“ஹலீமா? நான்தான்... வச்சிடாதே, ப்ளீஸ் லா!... என்னது, படிப்பையே விடுறியா? தோ பாயோ வீட்டுலேர்ந்து தினம் ரெண்டு பஸ் மாறி வந்தது இதுக்கா?... யாரு சொன்னா உனக்கு வராதுன்னு?... ஆமா, மிஸ்டர் டான் சொன்னாரு. ஒழுங்கா எழுதக்கூடத் தெரியலன்னு, எல்லார் முன்னாடியும்... ஆமா. நானும் அங்கதான் நின்னேன். வாயைத் திறக்கல.

“இரு, கேளு! நீ தப்பா எழுதல. மட்டம் பார்க்கிற அந்தப் பழைய லெவல் கருவில கண்ணை வச்சா அளவு கம்பு தலைகீழாத் தெரியும்ல? நான் அதை மறந்து, மேலேர்ந்து எண்ண வேண்டியதைக் கீழேர்ந்து எண்ணிட்டேன். நாப்பத்தாறை அம்பத்துநாலுன்னு கத்தினேன்... நீ இன்னொரு தடவை பாருன்னே. நான்தான், எழுதுற வேலையைப் பாருன்னேன்... ஞாபகம் இருக்கு. நல்லாவே இருக்கு.

“ம்... வருஷம் பூரா உன் கையில நோட்டுதான்... கையெழுத்து அழகா இருக்குன்னு சொன்னது பொய்யில்ல. ஆனா நோட்டை உன்கிட்டயே கொடுத்தது அதுக்காக இல்ல. லெவலை உன்கிட்ட கொடுத்தா என்னைவிட சரியாப் பார்த்துடுவியோன்னு... அசிங்கமா இருக்கு, ஹலீமா.”

சாவிக்கொத்தோடு விரிவுரையாளர் மிஸ்டர் டான் உள்ளே வந்தார்.

“அவரு வந்துட்டாரு... இப்பவே அவர்கிட்ட சொல்லணுமா? நீ கேட்டுக்கிட்டு இருக்கும்போதேவா?... சரி. சரி லா.”

ரிசீவரை அவர் பக்கமாக நீட்டிப் பிடித்தான்.

“சார், தட் ரீடிங்... மை மிஸ்டேக், சார். ஹலீமா ஜஸ்ட் ரோட் டவுன் வாட் ஐ செட்.”

மறுபடியும் காதில் வைத்தான்.

“கேட்டுச்சா?... நாளைக்கு வர்றியா? அப்பாடா!... என்ன? எங்க குரூப்புக்கு இல்லையா?... ம். புரியுது... புது குரூப்புக்குப் போனதும் முதல்ல நீ லெவலைப் புடி. யாரு கேட்டாலும் கொடுக்காதே... ஆமா, நான் கேட்டாலும்தான். ஹலோ?... ஹலோ?”

அவள் வைத்துவிட்டாள். மிஸ்டர் டான் இன்னும் அங்கேயேதான் நின்றார்.