படிக்கு வெளியே நின்ற டான் பெங் சூன்

அவைத் தலைவர் லிம் கியோக் ஹாய் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, காலைத் தபாலைக் கொடுத்துவிட்டு வேர்வை காயாமல் வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

நம் தலைமை எழுத்தர் டான் பெங் சூன் மறைந்துவிட்டார். அவருடைய ஒரு நாளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

சீனத் துறைமுகங்களில் ஆங்கிலேயர் நடத்திய தபால் நிலையங்களை மூடுவதா வேண்டாமா என்று லண்டனில் பேசிக்கொண்டிருந்த காலம். நம் ஊருக்கும் அதிகாரிகள் விசாரிக்க வந்தார்கள். நிலையத்தை மூடினால் நம் பிழைப்பு என்ன ஆகும்? சாட்சி சொல்லப் போகிறவர் பெங் சூன். தபால் பிரிக்கும் அறையில் அவரைச் சூழ்ந்துகொண்டோம்.

“வெள்ளைக்காரங்க போயிட்டா சீனத் தபால்காரங்களால தபாலை நடத்த முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு அண்ணே. எங்க வீட்டுல அடுப்பு எரியும்,” என்றான் ஆ லாய்.

“முடியாதுன்னா, இத்தனை வருஷமா நீ தூக்கிட்டுப் போனது என்னடா, மீன் கூடையா?” என்றார் பெங் சூன்.



விசாரணைக்கு முந்தின நாள் அவருடைய தாயார் இறந்தார். துக்கத் துணி கட்டியவர் அடுத்தவர் வாசற்படியைத் தாண்டலாமா? தான் போகாவிட்டால் வேறொருவர் பொய் சொல்லிவிடுவார் என்று போனார். போனவர் விசாரணை நடந்த ஆங்கிலேயத் தூதரகத்தின் படிக்கு வெளியே நின்றுவிட்டார். உள்ளே வரச் சொல்லி இரண்டு முறை ஆள் வந்தது, அவர் அசையவில்லை. திமிர் என்று நினைத்த அதிகாரி முகம் சிவந்து வாசலுக்கே வந்தார்.

“கூப்பிட்டா உள்ள வரமாட்டியா?”

“அம்மா செத்திருக்காங்க ஐயா. நான் உள்ள வந்தா உங்களுக்கு ஆகாது. இங்கேயே கேளுங்க.”

“நாங்க போயிட்டா தபால் போய்ச் சேருமா?”

நாமெல்லாம் மதிலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

“இப்பவும் நாங்கதானே கொண்டுபோறோம் ஐயா. அப்பவும் போய்ச் சேரும்.”

மறுநாளே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். தெருவில் எதிர்ப்பட்டால் நம்மில் பலர் ஒதுங்கிப் போனார்கள். பிறகு நிலையம் மூடப்பட்டபோது, சீனத் தபால் அலுவலகத்தின் வாசலில் நின்று நம் ஒவ்வொருவருக்காகவும் வாதாடியவர் யார்? எல்லாருக்கும் வேலை கிடைத்த பிறகே தனக்குக் கேட்டவர் யார்? அவர் உயிரோடு இருந்தபோது இதை ஒருவரும் மேடையேறிச் சொல்லவில்லையே என்று எனக்குக் கோபமாக வருகிறது.

இன்று அவருக்காக நாமெல்லாம் துக்கத் துணி கட்டியிருக்கிறோம். நாளைக் காலை தபால் கப்பல் வருகிறது. துணியை அவிழ்க்க மாட்டோம். தபாலையும் நிறுத்த மாட்டோம். ஒவ்வொரு வீட்டிலும் படிக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். கடிதம் கைமாறிய பிறகே திரும்புவோம்.