நடுவில் வைத்த தலையணை

— நான் ஒண்ணும் கேக்கலம்மா. எனக்கென்ன வந்தது? நமக்கு நடுவுல இருக்கிறது ஒரே சுவரு, அதுவும் அட்டை மாதிரி. தையல் மெஷினை நிறுத்தினா உன் வீட்டுப் பேச்சு தானா வந்து காதுல விழுது.

— மெஷினை ஏன்க்கா நிறுத்தறீங்க?

— நூல் மாத்த வேண்டாமா?

— தினம் மத்தியானம் மூணு மணிக்கா?

— அப்பதான் தீருது, நான் என்ன பண்றது. சரி, கேட்டுட்டேன், மறைப்பானேன். "கழுத்து வலிக்குதா? கை வெக்கட்டுமா?" யார்கிட்டம்மா இதெல்லாம்? லிப்ட் மெக்கானிக் தம்பி வீட்டைவிட்டுப் போய் நாலு மாசம் ஆச்சு. புருஷன் இல்லாத வீட்ல யார் கழுத்து அது?

— அவர் கழுத்துதான்.

— என்கிட்டயே விளையாடறியா?

— உள்ள வாங்க, காட்டறேன்.

— எனக்கென்ன வந்தது... சரி, கூப்பிட்டு வரலன்னா மரியாதையா இருக்காது. எங்க? கட்டில்லயா? யாரையும் காணோமே.

— போர்வையை விலக்குங்க.

— இது தலையணை.

— ஆமா.

— தலையணைக்குச் சட்டை போட்டு விட்டிருக்கே.

— அவரோட கம்பெனிச் சட்டை. காலர்ல பாருங்க, கிரீஸ் கறை. நான் துவைக்கவே இல்ல.

— அப்ப ஆளு? ஆளுன்னு யாரும் வரலயா இங்க?

— என்னைத் தேடி யாருக்கா வரப் போறா?

— ...கொஞ்சம் தண்ணி குடும்மா.

— இந்தாங்க. ரெய்கி கத்துக்கறேன்க்கா. ஜப்பான்காரங்களோட பழைய முறை.

— ஜெராக்ஸ் கடை மாடியில போர்டு தொங்குதே, அதுவா? சனிக்கிழமையானா தலை சீவிக்கிட்டு ஓடறியேன்னு நான் வேற என்னென்னவோ... விடு. கையை வெச்சா என்ன ஆகும்? கரண்ட் அடிக்குமா?

— ஒருத்தர் மேல கையை மெல்ல நகத்திட்டே வரணும். எங்க வேதனை இருக்கோ அங்க கை சூடாகுமாம், குறுகுறுங்குமாம். அது அடங்கற வரைக்கும் எடுக்கக் கூடாது. ஆனா வெக்கறதுக்கு முன்னாடி அவங்களை வாய்விட்டுக் கேக்கணும். டீச்சர் முதல் நாளே அதைத்தான் சொன்னாங்க.

— தலையணையைக் கூடவா கேக்கணும்?

— வாய் பழகணும்ல.

— நோய் நொடி தீருமா இதுல?

— டீச்சரே அப்படிச் சொல்லல. டாக்டர்கிட்டப் போறதை நிறுத்திடாதீங்கன்னுதான் சொல்றாங்க. நான் நோய்க்காகப் போகலக்கா. என் கைக்காகப் போறேன்.

— உன் கைக்கு என்ன கேடு? பேக்கரியில மலை மலையா பிஸ்கட் பாக்கெட் அடுக்குது.

— அட்டைப் பெட்டியைத் தொடும். மனுஷங்களைத் தொடாது. பாப்பா போனதுலேருந்து அப்படித்தான். ஆஸ்பத்திரியில கடைசியா தூக்கினேனே, எட்டு மாசக் குழந்தை, அவ்வளவு ஜில்லுனு இருந்தா. அதுக்கப்புறம் அவர் என் தோள்ல கை வெச்சாக்கூட தட்டி விட்டுடுவேன். ஒருநாள் படுக்கையில நடுவுல தலையணையை வெச்சேன்.

— இந்தத் தலையணையா?

— இதேதான். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டு அழுதார். முதுகு குலுங்கறது எனக்குத் தெரியுது, கை நீள மாட்டேங்குது. போறப்பவும் சண்டை போட்டுட்டுப் போகலக்கா. "தலையணையை எடுக்கற அன்னைக்குச் சொல்லு, வந்துடறேன்"னு சொல்லிட்டு, சாவியையும் எடுத்துட்டுத்தான் போனார்.

— அப்ப எடுத்துட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?

— சொல்லி, ஆசையா வந்தவரை மறுபடியும் தட்டி விட்டா? முதல்ல கை பழகட்டும்னு இருந்தேன். இருபத்தோரு நாள் கணக்கு. நாளையோட முடியுது. ஞாயித்துக்கிழமை நானே போய்க் கூட்டிட்டு வரப் போறேன்.

— அவருக்குத் தெரியுமா?

— தெரியாது. கம்பெனியில மூணு வருஷம் வெளிநாடு போகச் சொல்றாங்க, நீ என்ன சொல்றேன்னு மெசேஜ் போட்டிருந்தார். நேர்லயே சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். தினம் சாயங்காலம் நான் ஃபோன் பண்ணுவேன், அவர் எடுப்பார். ரெண்டு பேரும் பேச மாட்டோம். மூச்சு மட்டும் கேக்கும். செவ்வாய்க்கிழமையிலேருந்து ஃபோன் ஆஃப்ல இருக்கு.

— செவ்வாய்க்கிழமையிலேருந்தா?

— புதுக் கட்டடம் எதுலயாவது லிப்ட் மாட்டிட்டிருப்பார். உள்ள சிக்னல் கிடைக்காது.

— செவ்வாய்க்கிழமை நீ சிரிச்சியேம்மா.

— அதையும் விடலயா நீங்க? சட்டைக்குப் பட்டனைப் போட்டேன், தலையணைக்குத் தொப்பை தள்ளிடுச்சு. அவருக்கு ஏது தொப்பை? பாத்ததும் சிரிப்பு வந்துடுச்சு, அடக்கவே முடியல. பாப்பாவுக்கப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சேன்.

— நான் கிளம்பறேன். மெஷின்ல துணி அப்படியே கிடக்கு.

— இருங்கக்கா. உயிருள்ள ஆள் மேல கை வெச்சுப் பழகாம எப்படின்னு டீச்சர் திட்டறாங்க. அஞ்சு நிமிஷம் படுங்க.

— நானா? எனக்குத் தலையிலேருந்து கால் வரைக்கும் வலிதான். உன் கை வெந்துடும்.

— பரவால்ல, படுங்க. அவரைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கறேன். கண்ணை மூடிக்கோங்க. முதல்ல நான் அஞ்சு வரி சொல்லணும். இன்னைக்கு மட்டும் கோபப்பட மாட்டேன். இன்னைக்கு மட்டும் கவலைப்பட மாட்டேன். நன்றியோட இருப்பேன். என் வேலையை ஒழுங்காப் பாப்பேன். எல்லார்கிட்டயும் அன்பா இருப்பேன்.

— அந்த முதல் வரியை இன்னொரு தடவை சொல்லு.

— இன்னைக்கு மட்டும் கோபப்பட மாட்டேன். ஏன்க்கா?

— சும்மாதான்.

— நெத்தியில கை வெக்கட்டுமா?

— ம்.

— நெத்தியில ஒண்ணும் தெரியல. தொண்டையில வெக்கட்டுமா?

— அங்க வேண்டாம்மா.

— லேசாத்தான்க்கா. உங்களுக்குப் பிடிக்கலன்னா எடுத்துடறேன்.

— ...வை.

— அக்கா, கை கொதிக்குது. நிஜமாத்தான் சொல்றேன். தலையணையில ஒரு நாளும் இப்படி ஆனதில்ல. என் கை ஆளைத் தொடுதுக்கா, எனக்கு ஒண்ணும் ஆகல பாருங்க. அட, நீங்க ஏன் அழறீங்க?

— செவ்வாய்க்கிழமை அவர் வந்தார்.

— யாரு?

— உன் வீட்டுக்காரர். கையில பெட்டியோட. "அவ தலையணையை எடுக்கலன்னாலும் பரவால்லக்கா, நான் அந்தப் பக்கமே படுத்துக்கறேன்"னு என்கிட்ட சொல்லிச் சிரிச்சார். எனக்கு அதுக்கு அர்த்தம் புரியல. எனக்கென்ன வந்ததுன்னு நான் பேசாம போயிருக்கணும்மா. போகல. "இப்ப உள்ள போகாதீங்க தம்பி, ஆள் இருக்கு"ன்னுட்டேன்.

— அவர் நம்பினாரா?

— நம்பல. கதவுகிட்டப் போய் நின்னார். அப்ப பாத்து நீ கேட்டே, "கழுத்து வலிக்குதா, கை வெக்கட்டுமா"ன்னு. அப்புறம் அந்தச் சிரிப்பு.

— என்ன சொன்னார்க்கா?

— கம்பெனி டிக்கெட் போட்டு வெச்சிருக்கு, வியாழக்கிழமை விமானம், சரின்னு சொல்லிடறேன்னார்.

— வியாழக்கிழமைன்னா... நேத்து.

— என் தையல் பெட்டியில நாலு நாளா கிடக்கு, இந்தா, உன் வீட்டுச் சாவி. "அவ சிரிச்சு ரெண்டு வருஷம் ஆச்சுக்கா. உள்ள இருக்கிறது யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்"னு சொல்லி, என் கையில வெச்சுட்டுப் போனார்.