றெக்கை மேலயா, கீழயா?

"சேலை கட்டிக்கிட்டு றெக்கை மேலல்லாம் நான் ஏற மாட்டேன்."

ரயிலில் எதிர் இருக்கைப் பெண்மணி இப்படிச் சொன்னதும் நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன். ஆம்பூரில் ஏறிய தம்பதி. கணவர் மடியில் ஷூ சாம்பிள் பெட்டி, கையிலிருந்த போனில் இரண்டு குட்டி விமானங்களின் படம். இரண்டும் பழையவை, ஒற்றை எஞ்சின், நாலு சீட்டு. ஒன்றை வாங்கப்போகிறாராம்.

"இதுதான் ஸ்பீடு ஜாஸ்தி. றெக்கை கீழ இருக்கு, அதுமேல கால் வச்சுத்தான் உள்ள போவணும்."

"அப்போ நீங்க தனியா போய்ட்டு வாங்க. இன்னொண்ணு இன்னா?"

"அதுல றெக்கை மேல இருக்கு. கார் மாதிரி கதவத் தொறந்து ஏறலாம். ஆனா கொஞ்சம் ஸ்லோ."

"வருஷத்துல எத்தினி நாள் ஓட்டுவீங்க?"

"ஞாயித்துக்கிழமைல... கம்பெனில ஆர்டர் கம்மியா இருந்தா..."

"மீதி நாளெல்லாம் சும்மா நின்னுக்கிட்டுதானே இருக்கும்? நிக்கறதுக்கு எது நல்லாருக்குன்னு பாருங்க. நம்ம வேலூர் வெயிலுக்கு, மேல றெக்கை இருந்தா கீழ சேர் போட்டு உக்காந்து சாப்புடலாம்."

அவர் படங்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். காட்பாடி வருவதற்குள் புரோக்கரை போனில் பிடித்துவிட்டார்.

"மேல றெக்கை இருக்கறதையே முடிச்சுடுங்கண்ணே. இல்லண்ணே, எஞ்சின் ரெண்டுலயுமே நல்லாத்தான் இருக்கு. இதுல நிழல் ஜாஸ்தி."