அகினெட்டாவின் ஹார்ட் டிஸ்க் பற்றி பரனிகோ சொன்னது

பெயர் பரனிகோ. தந்தை பெயர் கைசிரா. வயது 36. தொழில் கம்ப்யூட்டர் பழுது பார்த்தல். விலாசம் பிகெனிபேயு, பெரிய சாலையில் மீன் விற்கும் இடத்துக்கு எதிர் வீடு, தெற்கு தாராவா. 15-03-2019 வெள்ளிக்கிழமை காலை 10.20 மணிக்கு போலீஸ் நிலையத்தில் சார்ஜென்ட் தோங்காபிரி முன்னிலையில் சொன்னது.

நான் மேற்படி விலாசத்தில் மனைவியுடன் வசித்து வருகிறேன். வீட்டின் முன் அறைதான் கடை. என் தாயார் அவருடைய அண்ணன் பிரிபோவின் வீட்டில் இருக்கிறார். பிரிபோ மாமாவுக்கும், ஊர் முறையில் நான் அக்கா என்று கூப்பிடும் அகினெட்டாவுக்கும் புவாரிக்கி கிராமத்தில் ஒரு நிலத்தின் எல்லை பற்றி வழக்கு நடப்பதும், அது வருகிற செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு வருவதும் எனக்குத் தெரியும்.

4-ஆம் தேதி திங்கட்கிழமை காலை அகினெட்டா அக்கா தன் கம்ப்யூட்டரைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். போட்டால் கறுப்புத் திரையில் இரண்டு வரி வெள்ளை எழுத்து வந்து அப்படியே நிற்கிறது, மேலே போகவில்லை என்றார். அவருடைய அப்பா தெவெயா ஜனவரியில் இறப்பதற்கு முன் எல்லை பற்றிப் பேசியதைப் போனில் வீடியோ எடுத்து இந்தக் கம்ப்யூட்டரில் போட்டிருப்பதாகவும், போன் படகிலிருந்து கடலில் விழுந்துவிட்டதாகவும், இதை விட்டால் வேறு சாட்சி இல்லை என்றும் சொன்னார். நான் எதிர்க்கட்சிக்காரரின் மருமகன் என்பதை நானே அவரிடம் நினைவுபடுத்தினேன். அதற்கு அவர், "தெரியும் தம்பி. ரிப்பேர் பண்றதுக்கு யாரு மாமன், யாரு மச்சான்? நீ ஒழுங்கா வேலை செய்வே, அது போதும் எனக்கு" என்றார்.

அதன் பின்னர் நான் பெட்டியைத் திறந்தேன். உள்ளே உப்பு பூத்திருந்தது. நினைவகத்தைக் கழற்றித் துடைத்துத் திரும்பச் செருகினேன், பலனில்லை. வயரை மாற்றினேன், பலனில்லை. மூன்று முறை போட்டால் ஒரு முறைதான் ஹார்ட் டிஸ்க் இருப்பதாகவே கம்ப்யூட்டர் ஒப்புக்கொண்டது. காதை வைத்துக் கேட்டபோது உள்ளே டக், டக், டக் என்று அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. டிஸ்க் சாகக் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டேன். இந்த இடத்தைச் சுருக்கமாகச் சொல்லும்படி சார்ஜென்ட் கேட்டார். சுருக்க மாட்டேன். டிஸ்கை நான் வேண்டுமென்றே கொன்றதாகப் புகார் கொடுத்திருக்கிறார்கள், ஆகவே நான் செய்ததெல்லாம் எழுதப்பட வேண்டும்.

இந்த நிலையில் டிஸ்கைப் பழுது பார்க்கிறேன் என்று இறங்குகிறவன் முட்டாள். பார்க்கப் பார்க்க அது சீக்கிரம் சாகும். செத்துப்போவதற்குள் உள்ளே இருப்பதை நகல் எடுப்பது ஒன்றுதான் வழி. "அரிசி மூட்டைக்குள்ள வெச்சா சரியாயிடும்னாங்களே" என்று அக்கா கேட்டார். "அரிசியை ஆக்கிச் சாப்பிடுங்க அக்கா, டிஸ்கை என்கிட்ட விடுங்க" என்றேன். அதன் பின்னர் ஒரு பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பி, எனக்குச் சொந்தமான வெளி டிஸ்க் ஒன்றை மாட்டி நகல் எடுக்க ஆரம்பித்தேன். மின்சாரம் இரண்டு முறை போயிற்று. டிஸ்க் சூடாகும்போதெல்லாம் நிறுத்தி ஆறவிட்டேன். புதன்கிழமை மதியம் வீடியோ முழுதாக வந்து சேர்ந்தது. ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் ஓட்டிப் பார்த்தேன், சத்தமும் படமும் தெளிவாக இருந்தன. அன்று மாலையே பழைய டிஸ்க் அடிப்பதை நிறுத்திவிட்டது. அதன் பிறகு அது எழுந்திருக்கவில்லை.

புது டிஸ்க் சனிக்கிழமை விமானத்தில் வருவதாக இருந்தது. அதுவரை அந்த ஒரே நகல் என் வெளி டிஸ்கில் இருந்தது. என் சொந்தக் கம்ப்யூட்டரில் இடம் இல்லை. இடம் பண்ணியிருக்கலாம், பண்ணவில்லை. அது என் தவறு.

7-ஆம் தேதி வியாழக்கிழமை காலை பிரிபோ மாமா வெளித்தீவிலிருந்து வந்திருந்த உறவுக்காரர்கள் இருவருடன் கடைக்கு வந்தார். இளநீர் குடித்தார்கள். அதன் பின்னர் மாமா மேசையிலிருந்த வெளி டிஸ்கைக் கையில் எடுத்து, "இது உன்னோடதா மருமகனே?" என்று கேட்டார். என்னுடையதுதான் என்றேன். "அப்போ புபுசி கேக்குறேன். டிவியில மாட்டிப் படம் பார்க்கணும், இவங்க வந்திருக்காங்க" என்றார். உறவில் மூத்தவர் புபுசி என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டால், தன் பொருளை இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. சார்ஜென்ட்டுக்கும் இது தெரியும். அடுத்தவர் பொருளென்றால் மறுக்கலாம். டிஸ்க் என்னுடையது, உள்ளே இருந்தது அகினெட்டா அக்காவுடையது. இதற்கு என்ன முறை என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நான், "உள்ளே வேற ஒருத்தங்களோடது இருக்கு மாமா, சனிக்கிழமை தர்றேனே" என்றேன். மாமா வந்தவர்களைப் பார்த்துச் சிரித்து, "பாத்தீங்களா, நம்ம மருமகன் பெரிய ஆபீசர் ஆயிட்டாரு, நாள் சொல்லி வரச் சொல்றாரு" என்றார். அவர்களும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. "உள்ளே இருக்கிறதை மட்டும் தொடாதீங்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். டிஸ்கின் மேல் அகினெட்டா என்று எழுதிய காகித நாடா ஒட்டியிருந்தது. மாமா கண்ணாடி இல்லாமல் படிக்க மாட்டார். அன்று கண்ணாடி போட்டிருந்தாரா என்பது நினைவில் இல்லை.

சனிக்கிழமை நான் மாமா வீட்டுக்குப் போனபோது டிஸ்க் டிவியில் மாட்டியிருந்தது. நாடா இல்லை. டிவி அதை வெறுமையாக்கட்டுமா என்று கேட்டதாகவும், யாரோ சரி என்று அமுக்கியதாகவும் சொன்னார்கள். அதன் பின்னர் மல்யுத்தப் படங்களை விளிம்பு வரை நிரப்பியிருந்தார்கள். நான் டிஸ்கை வாங்கி வந்து ஞாயிறு வழிபாட்டுக்கும் போகாமல் தேடிப் பார்த்தேன். மல்யுத்தம்தான் கிடைத்தது. திங்கட்கிழமை அகினெட்டா அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அப்பா குரலும் போச்சா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. அன்று மதியமே அவர் புகார் கொடுத்தார், அதில் எனக்கு வருத்தமில்லை.

மாமாவும் நானும் பேசி வைத்துக்கொண்டு செய்தோமா என்று சார்ஜென்ட் கேட்டார். இல்லை. மாமா தெரிந்தே செய்தாரா என்று கேட்டார். எனக்குத் தெரியாது, நான் அவரைக் கேட்கவில்லை, கேட்கப் பயம்.

அதன் பின்னர், ஓட்டிப் பார்த்தபோது வீடியோவில் எதையாவது கேட்டேனா என்று சார்ஜென்ட் கேட்டார். சொல்வதற்கு முன் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். கேட்டேன். நடுவில் ஓட்டியபோது தெவெயா சொன்னது இது: "சேம்புக் குழிக்குத் தெற்கே பழைய எல்லைக் கல்லு இருந்துச்சு. பிரிபோவோட அப்பா அதை வடக்கே நகர்த்துனாரு. ஒரு கை பிடிடான்னாரு, நானும் பிடிச்சேன். எங்க நிலத்தை நானே தூக்கிக் குடுத்தேன், எங்க அப்பாகிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு." இதை வழக்கு மன்றத்திலும் சொல்வாயா என்று சார்ஜென்ட் கேட்டார். செவ்வாய்க்கிழமை வந்து சொல்கிறேன். கல் நகர்ந்த பிறகு அந்தத் துண்டு நிலத்தில்தான் என் தாயார் பிறந்தார். அவரை மாமா இனி தன் வீட்டில் வைத்திருப்பாரா என்பது தெரியாது. அதை எழுதத் தேவையில்லை என்றார் சார்ஜென்ட். எழுதச் சொன்னேன்.

மேலே கண்டதை வரி வரியாக எனக்குப் படித்துக் காட்டினார்கள். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை, அத்தனையும் உண்மை. பிரிபோ மாமா முன்வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகவும், வேண்டுமானால் பின்வாசல் வழியாகப் போகலாம் என்றும் சார்ஜென்ட் சொன்னார். முன்வாசல் வழியாகவே போகிறேன் என்றேன்.

(ஒப்பம்) பரனிகோ