சிவப்பு டிக்

ஓட்ஸ் வாங்கும்போது பாக்கெட்டின் முன்பக்கத்தை நம்பாதீர்கள் ஐயா. முன்பக்கம் கடைக்காரர் மாதிரி, எல்லோரையும் பார்த்துச் சிரிக்கும். உண்மை பின்பக்கத்துக் கடைசி வரியில் எறும்பு எழுத்தில் இருக்கும்: 'கோதுமையும் அரைக்கப்படும் ஆலையில் தயாரானது.' அந்த வரி இருந்தால் என் மகளுக்கு ஆகாது. கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஒரு பொட்டு உள்ளே போனாலும் மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள். எட்டு வயதுதான்.

அதனால் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் நானே பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, சிவப்பு மையில் டிக் போடுவேன். டிக் இல்லாதது அடுப்படிக்குப் போகாது. அந்தப் பேனாவை அலமாரியில் பூட்டி வைத்திருப்பேன்; என் மனைவிகூடத் தொட முடியாது. போன வாரம் பூதக்கண்ணாடி கைதவறி உடைந்துவிட்டது. பழகிய கண்ணுக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மனைவியின் தம்பி, என் மச்சான், வேலை தேடி எங்களோடு தங்கியிருந்தான். நேற்றுக் காலை அவன்தான் குழந்தைக்கு ஓட்ஸ் காய்ச்சிக் கொடுத்தான். பத்து மணிக்குள் அவள் வாந்தியெடுத்துத் துவண்டுவிட்டாள்.

"எதடா போட்ட?" என்று கேட்டேன்.

"நீங்க வாங்கி வச்சதத்தான் அத்தான். டிக்கப் பாத்துட்டுதான் பிரிச்சேன்."

பொய் சொன்னால் எனக்குப் பிடிக்காது. பக்கத்தில் இரும்பு வாணலி இருந்தது. முதல் அடியில் உட்கார்ந்துவிட்டான்.

"அத்தான், பாக்கெட்டப் பாருங்க" என்றான்.

இரண்டாவது அடியில் பல் தெறித்தது. மூன்றாவதில் தரையில் சரிந்தான். எந்த வேலையையும் அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை. மண்டை குழைந்து கைக்கு எதிர்ப்பே தெரியாதவரை அடித்தேன். கொன்றது நான்தான், மறுக்கவில்லை. திரும்பினால் மகள் வாசலில் நின்றிருந்தாள். "இனிமே வயிறு வலிக்காதும்மா" என்றேன். அவள் என்னிடம் வரவில்லை. வாணலியை இரண்டு முறை தேய்த்துக் கழுவினேன். அதில் கோதுமை பட்டிருக்கலாம் அல்லவா.

குப்பைக்கூடையிலிருந்து எடுத்த பாக்கெட்டை இப்போது காட்டுகிறீர்கள். கடைசி வரியில் கோதுமை ஆலை இருக்கிறது. அதன் மேலேயே சிவப்பு டிக்கும் இருக்கிறது. என் பேனாவின் மைதான். அலமாரிச் சாவி எப்போதும் என் சட்டைப்பையில்தான் இருக்கும். அவன் அதை எப்போது எடுத்தான் என்பதைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும் ஐயா.