கீறல் விழாத கண்ணாடி

அரூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒரு கல்லூரி மைதானத்தில் மெஷினால் புல் வெட்டுகிறவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. இளையவளுக்கு இடது கண்ணில் கட்டு.

“கண்ணாடி பத்திரமா இருக்குதுக்கா” என்றாள் அவள்.

“எங்க?”

“வூட்டுல, பீரோவுல. கல்லு தெறிச்சா புதுக் கண்ணாடியில கீறல் வுழுந்துருமேன்னு எடுத்து வெச்சிட்டேன்.”

“கல்லு தெறிக்கும்னுதான புள்ள அதக் குடுத்தாங்க? டாக்டர் என்ன சொன்னாரு?”

“கண்ணுல கீறலாம். ஆறிரும்னாரு.”

“அறிவு இருக்குதா உனக்கு?”

பஸ் மொரப்பூரைத் தாண்டியது. பிறகு இளையவள் கேட்டாள்: “உன்னுது எங்கக்கா இருக்குது?”

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இன்னும் கவரே பிரிக்கல.”