நிமிடத்துக்கு முப்பத்தொரு சுற்று

ரெக்கார்டு பிளேயரை வெயில் படுகிற இடத்தில் வைக்கக் கூடாது, ஐயா. உங்கள் காவலர் அதை ஸ்டேஷன் ஜன்னலோரம் வைத்திருக்கிறார். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் இளகிவிடும். முடிந்தால் அலமாரிப் பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள்.

நான் ஒலிப்பதிவுக்காரன். அக்காவின் கணவர் ட்ரம்பெட் வாசிப்பவர். அவருடைய ஒரே ஜாஸ் ரெக்கார்டைப் பதிவு செய்தது நான்தான். முதல் பாட்டு பி ஃபிளாட் சுருதி, நிமிடத்துக்கு நூற்று முப்பத்திரண்டு தட்டு. துள்ளிக்கொண்டு ஓடும். பதிவின்போதே சொன்னேன், இது துள்ள வேண்டிய பாட்டு இல்லை, அரை ஸ்வரம் இறக்கி மெதுவாக வாசித்தால் கேட்பவருக்குத் தொண்டை அடைக்கும் என்று. அத்தான் எல்லோர் முன்னாலும் சிரித்தார். "மச்சான், நீ பட்டனை அமுக்கு, போதும்" என்றார். மற்ற வாத்தியக்காரர்களும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. தன் பாட்டையே அவர் சரியாகக் கேட்டதில்லையே என்று வருத்தம்தான்.

அத்தான் தினமும் மாடியறையில் அந்த ரெக்கார்டை ஓடவிட்டு, கூடவே வாசித்துப் பயிற்சி செய்வார். செவ்வாய்தோறும் மெஷினைத் துடைத்து எண்ணெய் விடுவது என் வேலை. பெல்ட்டை ஓட்டும் மோட்டாரின் முனையில் சின்னதாக ஒரு பித்தளை உருளை உண்டு. அதை அரத்தால் ஓர் இழை தேய்த்தால், ரெக்கார்டு சுற்றும் வேகமும் ஓர் இழை குறையும், சுருதியும் கூடவே இறங்கும். வாரம் ஓர் இழை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள், பித்தளை எம்மாத்திரம்.

அத்தானுக்குத் தெரியவில்லை. ரெக்கார்டோடு சேர வேண்டுமென்று ட்ரம்பெட்டின் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துச் சுருதியை இறக்கிக்கொண்டார். வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. மேடையில்தான் சுருதி சேரவில்லை, தாளமும் பின்தங்கியது. முதலில் பியானோக்காரரைச் சந்தேகப்பட்டார், பிறகு டிரம்ஸ்காரரை. எல்லோரும் கூட்டுச் சேர்ந்து தன்னை ஓரங்கட்டுகிறார்கள் என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவர்கள் பேசிக்கொண்டதை நான் அப்படியே அவரிடம் சொன்னேன். ஒளிவுமறைவு எனக்குப் பிடிக்காது.

பிறகு அக்காவைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க ஆரம்பித்தார். "பியானோக்காரன்கூட உங்கக்கா போன்ல பேசுறாளா?" என்று என்னிடம் கேட்டார். அத்தானைக் குழுவிலிருந்து நீக்கிவிட வேண்டாம் என்று கெஞ்சத்தான் அவள் பேசினாள். அது எனக்குத் தெரியும். "பேசுறா, அத்தான்" என்றேன். கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். அதன்பின் அந்த வீட்டில் சத்தம் அதிகமானது. பக்கத்து வீட்டார் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. அக்காவின் கன்னம் வீங்கியிருந்ததும் உண்மை.

போன செவ்வாய் நான் போனபோது அவள் மாடியறையில் இருந்தாள். ரெக்கார்டின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் துண்டை ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நிமிடத்துக்கு முப்பத்து மூன்று வர வேண்டும். முப்பத்தொன்றுதான் வந்தது.

"கோளாறு அவர்கிட்ட இல்லடா தம்பி, மெஷின்லதான். இரு, கீழ போய் அவர எழுப்பிச் சொல்லிட்டு வர்றேன்."

பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்தேன். என் மேல் அவளுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. படிக்கட்டின் உச்சியில் அவள் முதுகில் கை வைத்தேன். மொத்தம் பதினாலு படி. கடைசிப் படியில் அவளுக்கு மூச்சு இல்லை. நான் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

அத்தான் கீழே தூங்கிக்கொண்டிருந்தவர். ஆனாலும் நீங்கள் கேட்டபோது, "நான்தான் தள்ளியிருப்பேன். என் காதையே நம்ப முடியல, கையை எப்படி நம்புறது?" என்றாராம். அதை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று அவர் வாக்குமூலத்தை நீங்கள் படித்துக் காட்டியபோது ஒரு வரி உறுத்தியது. இப்போதெல்லாம் அந்தப் பாட்டு தன் காதில் மெதுவாக விழுகிறது, அதுதான் அதன் அழகு, அப்படி வாசிக்க வேண்டும் என்று தனக்கு ஆரம்பத்திலேயே தோன்றியது என்று சொல்லியிருக்கிறார்.

அது பொய், ஐயா. அது என் யோசனை. மெதுவாக்கியதும் நான்தான். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். அக்கா விஷயத்தை அதற்குக் கீழே எழுதினால் போதும்.